வேலாயி போய்வந்த இந்தியா

எங்கள் தோட்டத்தில் கடலைப் பற்றி வாய் திறக்க வேலாயி ஒருத்திக்குத்தான் யோக்கியதை இருந்தது. சிலோன் மலையில், வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே ஆறு மைல் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம். ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தோம். பாதிப் பேருக்கு உலகம் தலவாக்கலைச் சந்தையோடு முடிந்துவிடும். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை வாத்தியார், பெயர் செல்லசாமி. பூகோளப் பாடத்தில் கடல் வந்தால், "சந்தேகமுன்னா வேலாயி அக்காவப் போய்க் கேளுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நானே அப்போது கடலைப் பார்த்ததில்லை.

வேலாயி துரை பங்களாவில் ஆயா. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளை, துரைசானிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த நாற்பத்தைந்தாம் வருஷம் பங்களாவுக்கு அனுப்பினார்கள். கை சுத்தம், வாய் அடக்கம் என்று பேர் எடுத்தவள். அவளுடைய சொந்த மகள் நாகலெட்சுமிக்கு அப்போது இரண்டு வயது. அந்தப் பிள்ளை லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு மீனம்மாவின் இடுப்பில் வளர்ந்தது. வேலாயி துரையின் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தாள்.

யுத்தம் முடிந்த பிறகு, வருஷா வருஷம் ஏப்ரலில் துரை குடும்பம் மூன்று வாரம் திருக்கோணமலைக்குப் போகும். அங்கே துரைக்குச் சொந்தமாக ஒரு பாய்ப்படகு இருந்தது. வெள்ளை வர்ணம் பூசி, மூத்த மகளின் பெயரை எழுதி வைத்திருந்தாராம். காலையில் குடாவில் பாயை விரித்தால் கரையோரமாகவே வடக்கே போவார்கள். பிடித்த இடத்தில் இறங்கிக் குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், மணலில் படுத்து உடம்பைச் சிவக்க வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் விடுமுறை. வேலாயிக்கு அது வேலை. படகின் பின்பக்கம், சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம். ஒரு கையில் சின்னவனின் இடுப்பில் கட்டிய கயிறு, மறு கையில் தகரக் குவளை. படகுக்குள் ஏறும் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாய் பக்கம் மாறும்போது எல்லோரும் தலையைக் குனிய வேண்டும் என்று முதல் வருஷம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாயின் அடிக்கட்டை அடித்த தழும்பு அவள் நெற்றியில் நின்றுவிட்டது. வாந்தி வந்தால் முந்தானையில் எடுத்து மடித்து வைத்துக்கொள்வாளாம். வெள்ளைப் படகு அசிங்கமாகிவிடக் கூடாதே.

"நல்லா இருக்குமா கடலு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கரை பூரா தென்னைங்க மாஸ்டர். மலை நட்டக்குத்தாக் கடலுக்குள்ள எறங்குது. பாத்தா வயிறு நெறஞ்சாப்புல இருக்கும். ஒடனே எம்புள்ள ஞாபகம் வந்துரும். அப்புறம் என்னாத்தப் பாக்குறது?"

நாகலெட்சுமிக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு சிப்பி வந்தது.

வேலாயியின் புருஷன் ஆண்டியப்பன் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைத் தரையோடு தரையாக வெட்டிவிடும் அந்த வேலையில் அவனுக்கு ஈடு கிடையாது. ஐந்து வயதில் துறையூர்ப் பக்கத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவன். ஊரைப் பற்றி அவனுக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஐம்பதாம் வருஷம் மாசி மாதம் நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தபோது பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"என்னையப் பொதைச்சு இந்தத் தேயிலைக்கு ஒரமாப் போட்டுறாத வேலாயி. எரிச்சு, சாம்பல இந்தியா மண்ணுல சேத்துரு. எந்த எடமா இருந்தாலும் சரி."

எங்கள் தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம். கங்காணி முணுமுணுத்தார். விறகுக்கு அலைய வேண்டியிருந்தது. ஆனாலும் ஆற்றோரத்தில் எரித்தோம். சாம்பலில் ஒரு பிடியைத் துரைசானி தூக்கிப் போட்ட பவுடர் டின்னில் அடைத்து, பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள் வேலாயி. இது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்த ஏப்ரலிலும் திருக்கோணமலைக்குப் போனார்கள். வேலாயியின் மூட்டைக்குள் பவுடர் டின் இருந்தது. இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் துரையிடம் கேட்டுவிட்டாள்.

"தொரைங்களே, இந்தப் படகு இந்தியாவுக்குப் போகுமாங்க?"

சாம்பலைப் பற்றிச் சொல்லவில்லை. பிணத்துச் சாம்பலைத் துரையின் படகில் ஏற்றுவது குற்றமாகிவிடுமோ என்ற பயம். துரை துரைசானியைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"போகும் ஆயா. நாளைக்குப் போவோம்."

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வழக்கத்தைவிட அதிக தூரம் போன மாதிரி அவளுக்கு இருந்தது. பத்து மணிவாக்கில் ஒரு திட்டு தெரிந்தது. பாறையும் புதரும் வெள்ளை மணலும், மேலே கூட்டம் கூட்டமாகப் புறாக்கள். துரை முதலில் குதித்து இறங்கினார். தோட்டத் துரைமார் பேசுகிற அந்த அரைகுறைத் தமிழில், "ஆயா, இது இந்தியா. உன் ஊர். சலாம் போடு" என்றார்.

வேலாயி மணலில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். அழுதாள். துரைசானி படம் பிடித்தாள். பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு அவளுக்கு இருபக்கமும் வந்து நின்றன. பிறகு, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாறைக்குப் பின்னால் போய், டின்னைத் திறந்து, புருஷனை அந்த மண்ணில் கலந்து தண்ணீர் ஊற்றினாள். நெற்றியில் ஒரு பிடி மணலைப் பூசிக்கொண்டு திரும்பினாள். படகில் ஏறும்போது துரை உதட்டில் விரல் வைத்தார்.

"யாருக்கும் சொல்லாதே. பாஸ்போட் இல்லை. போலீஸ் பிடிக்கும். ஜெயில்."

பிள்ளைகள் அடக்க முடியாமல் சிரித்தன. வேலாயி அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அது நிலாவெளிக்கு எதிரே கிடக்கும் புறாத்தீவு. அங்கிருந்து இந்தியாவுக்கு எத்தனை நாள் கடலில் போக வேண்டும் என்பது தேசப்படம் பார்த்த எவனுக்கும் தெரியும். ஆயாவை வைத்து ஒரு நாள் விளையாடியிருக்கிறார்கள். சாம்பலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதுதான். அதனால் என்ன? எனக்கு இன்று வரை மனசு ஆறவில்லை.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த நாடு சொந்தமில்லை என்று நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷம், விரும்பினால் விண்ணப்பம் போட்டுப் பிரஜையாகலாம் என்று இன்னொரு சட்டம். போடுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கெடு நெருங்கிவிட்டது. ஐம்பத்தொன்று ஜூலையில், ஒரே வாரத்தில், அறுபத்து மூன்று குடும்பங்களுக்கு நான் விண்ணப்பம் நிரப்பினேன். "இத்தீவை விட்டு எப்போதாவது வெளியேறியதுண்டா?" என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில், கப்பலின் அடித்தட்டில் கிடந்து இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் வாயைத் திறந்து கேட்காமலே "இல்லை" என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். வேலாயியின் நெற்றித் தழும்பைக்கூட அங்க அடையாளம் என்று ஒழுங்காக எழுதினேன். வேலாயி பெருவிரல் வைத்தாள். கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தத் தீவின் பெயரைச் சொல்லியிருப்பேன்.

என் விண்ணப்பம் தேறிவிட்டது. வேலாயியை விசாரணைக்குக் கூப்பிட ஆறு வருஷம் ஆனது. அதற்குள் துரை குடும்பம் ஐம்பத்து நாலில் சீமைக்குப் போய்விட்டது. வேலாயி மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். நாகலெட்சுமிக்குப் பதினான்கு வயதாகியிருந்தது. தகப்பன் இல்லாததால் அவளும் தாயின் விண்ணப்பத்துக்குள்தான் அடக்கம். தேறினால் இருவரும் பிரஜை, விழுந்தால் இருவருக்கும் நாடு இல்லை.

நாற்பத்தாறாம் வருஷத்திலிருந்து இடைவிடாமல் இங்கேதான் இருந்தாள் என்று காட்ட வேண்டும். அங்கேதான் முதல் இடி. தோட்டத்து ஆட்களுக்குச் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடுதான் சாட்சி. ஆனால் பங்களா ஆட்களுக்குச் சம்பளம் துரைசானியின் கைப்பையிலிருந்து வரும். செக்ரோலில் பேர் இருக்காது. ஒன்பது வருஷம் ராப்பகலாக உழைத்தவள், ஏட்டில் பார்த்தால் அந்த ஒன்பது வருஷமும் ஆளையே காணோம்.

"பங்களாவுல இருந்ததுக்கு ஏதாச்சும் அத்தாட்சி இருக்கா வேலாயி?" என்று கேட்டேன்.

முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றிக் கொடுத்தாள். துரைசானி போகும்போது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த படம். பின்னால் வெள்ளைப் படகு, இருபக்கமும் பிள்ளைகள், நடுவில் மண்டியிட்டுக் கும்பிடும் வேலாயி. ஏன் கும்பிடுகிறாள் என்று நான் யோசிக்கவில்லை. துரைமார் முன்னால் கும்பிடுவது எங்களுக்கு என்ன புதுசா?

"இதையே கொண்டாந்துரு. வேற சாட்சியே வேணாம்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நுவரெலியாவில் விசாரணை. விசாரணை அதிகாரி வயதான சிங்களவர், மரியாதையாகவே பேசினார். தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். போட்டோவைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்தது. நல்ல சாட்சி, கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சட்டத்தின் பின் ஆணிகளைப் பேனாக்கத்தியால் நெம்பிப் படத்தை வெளியே எடுத்தார். திருப்பினார். பின்பக்கம் துரைசானியின் கையெழுத்து. அவர் வாசித்தார், மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்: "எங்கள் ஆயா இந்தியாவில், ஏப்ரல் 1950."

அதிகாரி கேட்கச் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் வேலாயி பக்கம் திரும்பினார்.

"நீ இந்தியாவுக்குப் போனியா?"

வேலாயி என்னைப் பார்த்தாள். ஏழு வருஷம் மறைத்து வைத்திருந்த விஷயம். ஆனாலும் சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார்களே.

"போனேங்க."

"எப்படிப் போன?"

"தொர படகுலங்க."

"பாஸ்போட் இருந்துச்சா?"

"இல்லீங்க. தொர யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு."

விண்ணப்பத்தில் நான் எழுதிய "இல்லை" அதிகாரியின் விரலுக்கு அடியில் இருந்தது. நான் எழுந்து, இது ஏதோ தவறு என்றேன். உட்காரச் சொன்னார்கள். ஆறு வாரம் தவணை கொடுத்தார் அதிகாரி. அந்தத் துரையிடமிருந்து சத்தியக் கடுதாசி வந்தால் பார்க்கலாம் என்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

"இந்தியா போய்ச் சேர எத்தன நாளாச்சு வேலாயி?"

"நாளா? வெடிஞ்சு போனோம். பொழுதுசாயத் திரும்பிட்டோம்."

"அங்க மனுசங்க இருந்தாங்களா?"

"பொறாதாங்க இருந்துச்சு."

சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அது இந்தியா இல்லை, இந்த நாட்டுத் தீவு, துரை உன்னை வைத்து விளையாடியிருக்கிறார் என்றேன். இதைத்தான் அடுத்த தவணையில் சொல்ல வேண்டும், சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சந்தோஷமாகவே சொன்னேன். அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

"அப்ப அவரு?" என்றாள்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரருங்க."

அப்போதுதான் பவுடர் டின்னின் கதை வெளியே வந்தது. தலவாக்கலை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளுக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீமைக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை எல்லாம் விவரித்து, அது விளையாட்டுத்தான், ஆயா நாட்டை விட்டு வெளியேறவில்லை என்று இரண்டே வரி எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பும்படி கெஞ்சியிருந்தேன். தவணைக்கு நாலு நாள் முன்பு பதில் வந்தது. துரைசானி நாலு பக்கம் எழுதியிருந்தாள். ஆயாவை நினைக்காத நாளில்லை. அந்த இந்தியா விஷயத்தைப் படித்து எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் படகில் போகிறோம், இங்கே தண்ணீர்தான் குளிர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சின்னவனே பாயைப் பிடிக்கிறான். கையொப்பம் விஷயத்தில் மட்டும், உங்கள் அரசாங்கக் காரியங்களில் இனித் தலையிடுவது சரியில்லை என்று துரை நினைக்கிறார், ஆயா புரிந்துகொள்வாள். கூடவே ஒரு போட்டோ. புதிய படகு, பின்னால் கறுத்த பாறைக் கரை, நாலு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

வேலாயிக்கு நான் முழுவதையும் வாசிக்கவில்லை. போட்டோவை மட்டும் காட்டினேன். சின்னவனை நெடுநேரம் பார்த்தாள்.

"இடுப்புல கயிறு இல்ல" என்றாள்.

தவணைக்கு முதல் நாள் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் போகவில்லை என்று சொல், அது இந்தியா இல்லை என்று சொல். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "சாமி முன்னால நின்னு, அவரு போய்ச் சேரலன்னு என் வாயால சொல்லணுமா மாஸ்டர்?" என்றாள். நான் பதில் பேசுவதற்கு முன் நாகலெட்சுமி வெடித்தாள்.

"எவனோ வெளையாண்டதுக்கு நான் நாடு இல்லாம நிக்கணுமா? அவங்க புள்ளைகளப் பாக்கத்தான் என்னைய விட்டுட்டுப் போன. இப்பவாச்சும் எனக்காக ஒரு வார்த்த சொல்லும்மா."

வேலாயி சரி என்றாள்.

மறுநாள் அதே அறை, அதே மேசை. மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வேலாயி மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"போகலீங்க. அது இந்தியா இல்லீங்க. யாருமே போய்ச் சேரலீங்க."

அதிகாரி பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்தார். "ஆறு வாரத்துக்கு முன்பு இதே சத்தியத்தின் மேல் போனேன் என்றாய். இன்று போகவில்லை என்கிறாய். இரண்டில் எது பொய்?" என்று கேட்கச் சொன்னார். துரையின் கடுதாசி எங்கே என்றும் கேட்டார். துரைசானியின் நாலு பக்கத்தை நீட்டினேன். பொறுமையாக வாசித்துவிட்டு, இதில் கையெழுத்திட்ட சத்தியம் எதுவும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அது உண்மைதான்.

ஒரு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. பொய்யான வாக்குமூலம், நம்பத்தகாத சாட்சி. போட்டோ கோப்பிலேயே தங்கிவிட்டது. வெறும் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் வேலாயியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், இருந்த இடத்திலேயே வெறுமையாக மாட்டி வைத்தாள். புருஷன் ஊர் போய்ச் சேர்ந்தான் என்ற நிம்மதியை மகளுக்காக விட்டுக்கொடுத்தாள். மகளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நாகலெட்சுமி சிப்பிகளை எல்லாம் பீலிக்கரையில் போட்டுவிட்டாள். கொஞ்ச நாள் துணி துவைக்கிற இடத்தில் அவை மிதிபட்டுக் கிடந்தன.

டவுனில் எங்களை எல்லாம், திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்தவர்கள் என்ற அர்த்தத்தில், கள்ளத்தோணி என்று ஏசுவார்கள். தோணியைக் கண்ணால் கண்டிராத ஜனம் நாங்கள். கடலில் படகேறிய ஒரே ஆள் வேலாயி, அவளையும் ஏற்றியவர் துரை. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே சில தறுதலைகள் அவளை அந்தப் பெயரால் கூப்பிட ஆரம்பித்தபோது, அவர்களில் ஒருவனை நான் பிரம்பால் வெளுத்தேன். அவன் என் பழைய மாணவன். அடித்த கை வலித்ததே தவிர வேறு பிரயோசனம் இல்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் நாகலெட்சுமிக்கும் சின்னராசாவுக்கும் கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் நோர்வூட் பக்கத்துப் பையன், அவனுக்கும் இங்கே பிரஜாவுரிமை இல்லை. டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று பேச்சு வந்ததும், துரத்தும் வரைக்கும் நிற்பதைவிடத் தானாகப் போய்விடலாம் என்று அவன் முடிவு செய்தான். மகள் போனால் தாயும் போகத்தானே வேண்டும்? இந்தியப் பாஸ்போட்டுக்கான விண்ணப்பத்தோடு வேலாயி என் பள்ளிக்கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. நெற்றித் தழும்பு மட்டும் பளிச்சென்று இருந்தது.

இந்த முறை ஒரு கேள்வியையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்து, அவள் சொன்ன பிறகே எழுதினேன். பெயர். பிறந்த இடம். அங்க அடையாளம். முன்பு எப்போதாவது இந்தியாவுக்குப் போனதுண்டா என்ற இடம் வந்தபோது என் பேனா நின்றுவிட்டது.

"இல்லைன்னு போடுங்க" என்றாள் அவளே.

அடுத்தது, கூட வரும் குடும்பத்தார் விவரம். மகள், மருமகன், பேத்தி. புருஷன் என்ற கட்டத்தில், வழக்கம்போல 'இறந்துவிட்டார்' என்று எழுதப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"செத்தாருன்னு மட்டும் எழுதாதீங்க மாஸ்டர். போகணும் போகணும்னு துடிச்சவரு அவருதான். எனக்கு இந்த நாடு போதும்னுதானே உங்க காயிதத்துல வெரல வச்சேன். இப்ப என்னையத் தள்ளிவுட்டுட்டு அவர வச்சுக்கிட்டாங்க." அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "புருசன் சிலோன்லதான் இருக்காரு, அவரு வரலைன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.